61 நாளில் பொரியாத முட்டை: துருவக் கடலில் மீன் எப்படி வளர்கிறது?

ஏப்ரல் 15 வந்துவிட்டால் காசிமேட்டில் விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசியபடி வரிசையாகக் கட்டிக் கிடக்கும். கரையில் வலை பின்னுவார்கள், படகுக்கு வண்ணம் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போட்டு வேலை பார்ப்பார்கள். பைபர் படகுகள் கொண்டுவரும் மீன்தான் அந்த நாட்களில் சென்னைக்குக் கிடைக்கும். வஞ்சிரத்தின் விலையைக் கேட்கவே தயக்கமாக இருக்கும். ஜூன் 14 வரை மொத்தம் 61 நாள் தடைக்காலம். வங்கக் கடலின் பல மீன்கள் சினை பிடித்து முட்டையிடும் காலம் இது என்பதால் அவற்றை அமைதியாக விட்டுவைக்கிறோம்.

நம் கடலுக்கு 61 நாள் என்பது நிறைய. மத்தி இடும் முட்டை ஏறக்குறைய ஒரே நாளில் பொரிந்துவிடும். தடைக்காலம் தொடங்கிய அன்று முட்டையிலிருந்து வந்த குஞ்சு, தடை முடியும் நாளில் கூட்டத்தோடு நீந்தும் இளமீனாகிவிட்டிருக்கும்.

அதே ஏப்ரல் 15 அன்று அண்டார்டிகாக் கரையோரத்தில் ஒரு மீன் முட்டையிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 14 நள்ளிரவு தாண்டிக் காசிமேட்டுப் படகுகள் கிளம்பும்போது அந்த முட்டை பொரிந்திருக்காது. ஆடி போய் ஆவணி வந்தாலும் பொரியாத முட்டைகள் அங்கே உண்டு. ஐந்து மாதம் ஆவது அங்கே சாதாரணம். அண்டார்டிகாவின் மக்மர்டோ பகுதியில் வாழும் ஒருவகை டிராகன்மீனின் முட்டை பொரிய ஏறக்குறைய பத்து மாதம் ஆகிறது. மனிதக் குழந்தை கருவில் இருக்கும் காலம்!

ஏன் இவ்வளவு தாமதம்? இதைப் பிடித்துக்கொண்டால் துருவக் கடல் மீன்களின் வளர்ச்சி, இனப்பெருக்கம் இரண்டுமே புரிந்துவிடும்.

முதலில், உறையாமல் இருப்பது

சென்னைக் கடலின் மேற்பரப்பு நீர் பெரும்பாலான மாதங்களில் 26 முதல் 30 டிகிரி வரை இருக்கும். துருவக் கடலின் நீர் பூஜ்ஜியத்துக்கும் கீழே, மைனஸ் 1.9 டிகிரி வரை போகும். உப்பு கலந்திருப்பதால் அந்த அளவு வரை கடல்நீர் உறைவதில்லை. ஆனால் சாதாரண மீனின் இரத்தத்தில் கடல்நீரைவிட உப்பு குறைவு. அது மைனஸ் 0.7, 0.8 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். அப்படியென்றால் துருவக் கடலின் நீரில் எந்த மீனும் உறைந்து சாக வேண்டும்.

1960களில் மக்மர்டோவில் மீன்களோடு வேலை செய்துகொண்டிருந்த ஆர்தர் டிவ்ரீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு விடை கண்டுபிடித்தார். அந்த மீன்களின் இரத்தத்தில், சர்க்கரை இணைந்த ஒருவகைப் புரதம் இருக்கிறது. உடலுக்குள் நுண்ணிய பனிப்படிகம் ஒன்று நுழைந்துவிட்டால், இந்தப் புரதம் அதன்மேல் ஒட்டிக்கொண்டு அதை மேலும் வளரவிடாமல் தடுக்கிறது. வட துருவத்தின் போலார் காட் என்ற மீனிடமும் ஏறக்குறைய இதே புரதம் இருக்கிறது. இரண்டும் உறவுக்கார மீன்கள் அல்ல. பூமியின் இரு முனைகளில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல், இரண்டு மீன் குடும்பங்கள் ஒரே தற்காப்பை உருவாக்கிக்கொண்டன. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத செய்தி இது.

சரி, உயிர் பிழைத்தாயிற்று. இனி வளர வேண்டும்.

இட்லி மாவும் மீன் முட்டையும்

சித்திரை வெயிலில் இட்லி மாவு நாலைந்து மணி நேரத்தில் பொங்கிப் பாத்திரத்தின் மூடியைத் தள்ளும். மார்கழியில் இரவு முழுவதும் வைக்க வேண்டும். பிரிட்ஜுக்குள் வைத்தால் இரண்டு நாளானாலும் பெரிதாகப் புளிக்காது. மாவும் அதேதான், நுண்ணுயிர்களும் அவையேதான். வெப்பம் குறைந்ததால் வேகம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

மீனின் உடலும் இப்படித்தான். நம் உடல் வெளியே என்ன வெயில், என்ன குளிர் என்றாலும் 37 டிகிரியிலேயே நிற்கும். மீனுக்கு அந்த வசதி இல்லை. பெரும்பாலான மீன்களின் உடல் வெப்பம் சுற்றியுள்ள நீரின் வெப்பம்தான். உயிரியலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் உடலின் வேதிவினைகள் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ வேகம் குறையும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சென்னைக் கடல் 28 டிகிரி, துருவக் கடல் மைனஸ் 1.5 என்றால் இடைவெளி ஏறக்குறைய 30 டிகிரி, அதாவது மூன்று பத்து. ஒவ்வொரு பத்துக்கும் வேகம் பாதியானால், இரண்டை மூன்று முறை பெருக்க எட்டு. மூன்றில் ஒன்றானால், மூன்றை மூன்று முறை பெருக்க இருபத்தேழு. ஆக, இங்கே ஒரு நாளில் பொரியும் முட்டை அங்கே எட்டு முதல் 27 நாளுக்குள் பொரிய வேண்டும்.

ஆனால் உண்மையில் மாதக்கணக்கில் ஆகிறது. போலார் காட் முட்டைக்கே இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். கணக்கில் எதை விட்டோம்? முட்டையின் அளவை. மத்தியின் முட்டை குண்டூசித் தலை அளவுதான். அண்டார்டிகாவின் பல மீன்கள் இடும் முட்டைகளோ நாலைந்து மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டவை. பெரிய ஜவ்வரிசி அளவு. அதற்குள் மஞ்சள் கரு நிறைய. குஞ்சும் நன்றாகப் பெரிதாகி, நீந்தத் தயாரான பிறகுதான் வெளியே வரும். குளிர் ஒரு பக்கம் தாமதப்படுத்துகிறது, பெரிய குஞ்சாக வளர வேண்டிய வேலை இன்னொரு பக்கம் தாமதப்படுத்துகிறது.

சாப்பாடு இருக்கும் மாதங்கள்

குளிர் ஒன்றையே காரணமாகச் சொல்லி நிறுத்திவிடுவது சரியில்லை. துருவத்தில் குளிர்காலம் என்றால் சூரியனே வராத காலம். சூரியன் இல்லையென்றால் நீரில் மிதக்கும் நுண்தாவரங்கள் வளராது. அவற்றைத் தின்னும் சிறு உயிரினங்கள் பெருகாது. அவற்றை நம்பியிருக்கும் குஞ்சு மீனுக்கு உணவில்லை. கோடை வந்து, பனி உருகி, வெளிச்சம் நீருக்குள் இறங்கிய பிறகு சில வாரங்களுக்குக் கடல் பச்சைப் பசேலென்று நிறைந்துவிடும். அந்தச் சில வாரங்களுக்குள் குஞ்சின் வாய் திறந்திருக்க வேண்டும். அதனால் நீண்ட அடைகாலத்தை மீனின் கஷ்டமாக மட்டும் நான் பார்ப்பதில்லை. இருட்டுக் காலத்தை முட்டைக்குள்ளேயே, கையிலிருக்கும் கட்டுச்சோற்றைத் தின்றபடி கழிக்கும் ஏற்பாடு அது.

வளர்ந்த மீன்களும் இந்தப் பருவத்துக்குக் கட்டுப்பட்டவைதான். கோடையில் தின்று வளர்கின்றன. குளிர்காலத்தில் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. அண்டார்டிகாவின் கருப்புப் பாறைமீன் குளிர்காலத்தில் இதயத் துடிப்பைக் குறைத்துக்கொண்டு, அதிகம் நகராமல், ஏறக்குறைய உறங்குவதுபோலக் கிடக்கும். 2008ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைக் காட்டியது.

உள்ளுக்குள் இன்னொரு செலவும் இருக்கிறது. வளர்ச்சி என்றால் புதிய புரதம் சேர்வது. புரதம் நீண்ட இழையாக உருவாகி, சரியான வடிவத்தில் மடிந்தால்தான் உடலுக்குப் பயன்படும். கடுங்குளிரில் அது சரியாக மடிவது கடினம். அதே மாவை எடுத்துக்கொண்டு, கல் காயாமல் தோசை ஊற்றினால் என்ன ஆகும்? பிய்ந்து வரும். மாவும் போனது, நேரமும் போனது. அண்டார்டிகா மீனின் செல்களில் இப்படிப் பிய்ந்துபோன புரதங்கள் நிறைய. அவற்றை உடைத்துத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. தின்ற உணவில் ஒரு பகுதி, உடலில் சேராமல் இந்தத் திருத்தும் வேலைக்கே போய்விடுகிறது.

ஆனால் துருவ மீன் எல்லாமே ஆமை வேகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. போலார் காட் இரண்டு மூன்று வயதிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். ஆறேழு வருடம்தான் அதன் ஆயுள். அண்டார்டிகாவின் பனிமீன்களில் சில வருடத்துக்கு ஆறு முதல் பத்து சென்டிமீட்டர் வரை வளரும். இந்தப் பனிமீன்கள் விசித்திரமானவை. இவற்றின் இரத்தத்தில் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினே இல்லை, இரத்தம் தண்ணீர்போல் இருக்கும். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும் என்பதால் சமாளிக்கின்றன. நோர்வே ஆய்வாளர் யோஹான் ரூட் 1954ல் இதை உறுதிசெய்து எழுதினார். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

தலையில் இருக்கும் கல்

கத்தாளை மீன் குழம்பு சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அதன் தலைக்குள் இரண்டு வெள்ளைக் கற்கள் இருக்கும். சிறுவயதில் நாங்கள் அதைக் கழுவிச் சேர்த்து வைப்போம். மீனின் காதுக்குள் இருக்கும் அந்தக் கல் அது சமநிலையில் நீந்தவும் ஒலியை உணரவும் உதவுகிறது. எலும்புள்ள மீன்கள் எல்லாவற்றுக்கும் காதுக்குள் கல் உண்டு. கத்தாளைக்குப் பெரிதாக இருப்பதால் நம் கண்ணில் படுகிறது.

இந்தக் கல் மீனின் வாழ்நாள் முழுவதும் அடுக்கடுக்காக வளரும். கோடையில் ஒருவிதமாக, குளிர்காலத்தில் வேறுவிதமாக. மெல்லியதாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் மரத்தின் வளையங்கள்போலத் தெரியும். எண்ணினால் வயது. நம் கடலில் கோடைக்கும் குளிருக்கும் பெரிய வேறுபாடு இல்லாததால் வளையங்கள் பல மீன்களில் தெளிவாக விழாது. துருவக் கடலில் வருடத்துக்கு ஒருமுறை வளர்ச்சி படுத்துவிடுவதால் கணக்கு கல்லில் பதிந்துவிடுகிறது.

அப்படி எண்ணித்தான் அண்டார்டிகாவின் டூத்ஃபிஷ் என்ற பெரிய மீனின் வயதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு மீட்டர் நீளம், நூறு கிலோவுக்கு மேல் எடை வரை போகும் இந்த மீன் ஐம்பது வயதை நெருங்கும்வரை வாழ்கிறது. ஆனால் அண்டார்டிகாவை ஒட்டிய ராஸ் கடல் பகுதியில் ஆண் மீன் பருவமடைய சுமார் 13 வருடமும், பெண் மீன் பருவமடைய சுமார் 17 வருடமும் ஆகிறது. நம் மத்தி ஒரு வருடத்துக்குள் பருவமடைந்து, இரண்டரை மூன்று வருடத்தில் வாழ்க்கையை முடித்துக்கொள்கிறது. ஒரு டூத்ஃபிஷ் தன் முதல் முட்டையை இடுவதற்குள் மத்தியில் பதினைந்து தலைமுறை கடந்துவிடும்.

இதன் எல்லையில் நிற்பது வடக்கே வாழும் கிரீன்லாந்து சுறா. சுறாவுக்கு இப்படிக் காதுக்கல் இல்லை. அதனால் 2016ல் கண்ணின் லென்ஸை வைத்து, அதிலிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்து வயதைக் கணித்தார்கள். ஆய்வில் இருந்தவற்றில் மிகப் பெரிய சுறா குறைந்தது 272 வயது. வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக்கூட அது வளர்வதில்லை. பெண் சுறா பருவமடைய ஏறக்குறைய 150 வருடம் ஆகலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. சென்னைத் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் பிறந்த ஒரு சுறா, இப்போதுதான் தாயாகத் தயாராகியிருக்கும்.

சினையும் காவலும்

காசிமேட்டில் நான் வழக்கமாக மீன் வாங்கும் அக்கா, சங்கராவை அறுத்துவிட்டு, "சினை இருக்குது கண்ணு, தனியா எடுத்து வச்சிரட்டா?" என்று கேட்பார். அந்தச் சினையைக் கவனித்திருப்பீர்கள். எண்ண முடியாத மணிகள். வெப்பக் கடலின் பெரும்பாலான மீன்களுக்கு இதுதான் வழி. வஞ்சிரம் இலட்சக்கணக்கில் முட்டையிடும். நீரில் விட்டுவிட்டுப் போய்விடும். பெரும்பகுதி பிறர் வாய்க்குள் போனாலும், மிஞ்சுவது போதும்.

இங்கேயும் விதிவிலக்கு உண்டு. கடல் கெளுத்தி கோலிக்குண்டு அளவில் சில டஜன் முட்டைகளே இடும்; ஆண் மீன் அவற்றை வாயில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் காக்கும். ஏரிகளில் விரால் தன் குஞ்சுக் கூட்டத்தை விட்டு நகராது. எனவே ‘சில முட்டை, நிறைய காவல்’ என்பது துருவத்துக்கு மட்டும் சொந்தமான வழி இல்லை. ஆனால் அண்டார்டிகாவில் அது பல மீன்களின் வழி.

அங்கே பெண் மீனின் சினையை அறுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். இரண்டு அளவில் முட்டைகள் இருக்கும். பெரியவை இந்த வருடம் இடப்போகிறவை. சிறியவை அடுத்த வருடத்துக்கானவை. ஒரு முட்டைக்குள் மஞ்சள் கருவை நிரப்பவே பல வகைகளில் ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகிறது. இந்த வருடச் சினையைச் சுமக்கும்போதே அடுத்த வருடச் சினைக்கும் தாய் சேமிக்கத் தொடங்கிவிட்டிருப்பாள். சில பனிமீன்களில் சினை மட்டுமே தாயின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை வந்துவிடும்.

இவ்வளவு செலவு செய்து உருவாக்கிய முட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியுமா? அண்டார்டிகத் தீபகற்பத்தின் கரையோரத்தில் ஹார்பாஜிஃபர் என்ற விரல் நீள மீன் இருக்கிறது. முட்டைகளைப் பாறையில் இட்டுவிட்டு நாலைந்து மாதம் பக்கத்திலேயே காவல் இருக்கும். அழுக்கு சேராமல் துடைத்துக்கொண்டே இருக்கும். 1970களில் ஓர் ஆய்வாளர் அந்தக் காவல் மீனை அங்கிருந்து அகற்றிப் பார்த்தார். வேறொரு மீன் வந்து அந்தக் காவலை ஏற்றுக்கொண்டது.

2021 பிப்ரவரியில் அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடலில் நடந்தது இதைவிடப் பெரிய செய்தி. ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் ஆய்வுக்கப்பல் கேமராவை கடலடியில் இழுத்துக்கொண்டு போனது. 420 முதல் 535 மீட்டர் ஆழத்தில், தரையில் வட்ட வட்டமாகக் குழிகள். ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர் அகலம், ஒரு சாண் ஆழம்கூட இல்லை. அதற்குள் சராசரியாக 1,735 முட்டைகள். பெரும்பாலானவற்றின் மேல் ஒரு பனிமீன் உட்கார்ந்திருந்தது. கேமரா போய்க்கொண்டே இருந்தது, கூடுகள் முடியவில்லை. சுமார் 240 சதுர கிலோமீட்டர் பரப்பில் 6 கோடிக் கூடுகள் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்கும் மேல், வீடு வீடாக, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காவல் மீன் என்று நினைத்துப் பாருங்கள். அந்த இடத்தின் நீர் சுற்றுப்புறத்தைவிட இரண்டு டிகிரி வரை வெதுவெதுப்பாக இருந்தது. மைனஸ் கணக்கில் வாழும் மீனுக்கு இரண்டு டிகிரி சும்மா இல்லை.

கூடு கட்டாத மீன்களும் உண்டு. அண்டார்டிகாவின் சில்வர்ஃபிஷ் என்ற சிறிய வெள்ளி மீனின் முட்டைகள் நெடுநாள் யார் கண்ணிலும் படாமல் இருந்தன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய ஆய்வாளர்கள் ராஸ் கடலின் டெர்ரா நோவா விரிகுடாவில், கடல் பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில், தகடு தகடாகத் தொங்கும் பனிக்கு நடுவே அவற்றைக் கண்டுபிடித்தார்கள். பனிக்கட்டியைத் தொட்டுக்கொண்டே இருந்தும் முட்டை உறையவில்லை. வெளிச்சவ்வு கிழியாமல் இருக்கும்வரை பனிப்படிகம் உள்ளே நுழைய முடியாது. வடக்கே போலார் காட்டும் குளிர்காலத்தில் முட்டையிடுகிறது; அந்த முட்டைகள் மேலே மிதந்துபோய்ப் பனிக்கட்டிக்கு அடியில் தங்கிவிடுகின்றன. கூரையாக இருப்பது பனிதான். அந்தக் கூரை இல்லாவிட்டால் இவற்றுக்குத் தொட்டில் இல்லை.

நீர் சூடானால்

முட்டை மெதுவாகப் பொரிவதுதானே பிரச்சினை, கடல் கொஞ்சம் சூடானால் நல்லதுதானே என்று சிலர் கேட்பதுண்டு. பொரிவது வேகமாகும், உண்மைதான். ஆனால் போலார் காட் முட்டைகளைச் சூடான நீரில் வளர்த்துப் பார்த்தபோது, மூன்று டிகிரியைத் தாண்டியதும் உயிர் பிழைப்பவை வெகுவாகக் குறைந்தன. வேகமாகப் பொரிந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: கடலில் உணவு வருவதற்கு முன்பே குஞ்சு வந்துவிடும்.

இந்த வெப்பத்தை அளக்கும் வேலையில் சென்னைக்கும் பங்கு இருக்கிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய ‘இண்டார்க்’ என்ற மிதவைக் கருவித்தொகுதி, 2014 ஜூலையில் நோர்வேயின் வடகோடியில் உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளில், காங்ஸ்ஃப்யோர்டன் என்ற குறுகிய கடற்கழியின் நீருக்குள் நிறுத்தப்பட்டது. வேளச்சேரி ரயிலில் போகும் நமக்குப் பக்கத்தில் செய்த கருவி, வட துருவத்துக்கு அருகே நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்தது என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மெதுவாக வளரும் மீனை வேகமாகப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு வெப்பமயமாதலுக்கு முந்தைய சாட்சி ஒன்று இருக்கிறது. தெற்கு அட்லாண்டிக்கில், சவுத் ஜார்ஜியா தீவைச் சுற்றிப் பளிங்குப் பாறைமீன் ஏராளமாக இருந்தது. 1969-70 பருவத்தில் கப்பல்கள் அங்கே போய், ஒரே வருடத்தில் சுமார் 4 இலட்சம் டன் பிடித்தன. அடுத்த பருவத்தில் கிடைத்தது அதில் கால் பங்கு. அதற்கப்புறம் பிடிக்க அதிகம் மிஞ்சவில்லை.

1985ல் அந்த மீனைத் தேடிப் பிடிப்பதற்குத் தடை வந்தது. நம் தடைக்காலம் 61 நாளில் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விடுகின்றன. அந்தத் தடைக்காலம் இன்னும் முடியவில்லை.